ரேடியோ டாக்டரும் விண்கலப் படமும்

பல் டாக்டருக்கு ஊர் வைத்த பெயர் ரேடியோ டாக்டர். அவர் பேசுவார், நாம் கேட்கலாம், பதில் சொல்ல வழி கிடையாது. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருபத்திமூன்று வருடமாக கிளினிக் நடத்துகிறார். வந்தவரை நாற்காலியில் சாய்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, வாய் நிறைய பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயையும் மாட்டிய பிறகுதான் மனிதர் பேச்சை ஆரம்பிப்பார். தேர்தல், கிரிக்கெட், மைத்துனன் வாங்கிய புது கார் எல்லாவற்றுக்கும் அங்கேயே தீர்ப்பு. எதிர்த்து ஒரு சத்தம் வராது. உலகம் மொத்தமும் தன் கட்சிதான் என்று அவர் நம்பியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கை மட்டும் தங்கமான கை. பல் வந்ததே தெரியாமல் எடுத்துவிடுவார். அதனால்தான் காது போனாலும் போகட்டும் என்று ஜனங்கள் படியேறினார்கள்.

மூன்று வாரமாக அவர் வாயில் அரைபட்டுக்கொண்டிருந்தது அந்த விண்கலப் படம். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய படம். டாக்டருக்கு அது குப்பை.

"பதினோரு வருஷம் தனியா ராக்கெட்ல போறான். ஒரு நாளாவது பல்லு விளக்கினானா? ஆனா சிரிச்சா முத்து முத்தா பல்லு! ஒரு சொத்தை வேண்டாமா சார்? பல்லைப் பத்தியே தெரியாதவன் வானத்தைப் பத்தி என்னத்தக் காட்டிடப் போறான்?"

வலித்தால் இடது கையைத் தூக்க வேண்டும் என்பது அந்த நாற்காலியின் சட்டம். இந்தப் பேச்சு வந்ததும் பேங்க் மேனேஜர் கையைத் தூக்கினார். "வலிக்குதா? இதோ" என்று இன்னொரு ஊசி போட்டார் டாக்டர். கணக்கு டீச்சர் இரண்டு கையையும் தூக்கினார். அவருக்கும் ஊசிதான். டாக்டரின் மாமியார் காலாலேயே உதைத்துப் பார்த்தார். மருமகன் அசரவில்லை. அவர்கள் எல்லோருக்கும் சொல்ல ஒரே விஷயம்தான் இருந்தது. உதட்டுக்கு உயிர் வருவதற்குள் அவரவர் வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

வெளியே இப்படி ஜெயித்துக்கொண்டிருந்தவருக்கு வீட்டில் நிலைமை சரியில்லை. மனைவியும் பல் டாக்டர்தான், பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்ப்பவர். படம் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் அவரிடம் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். "சாப்பாடு மேசைல இருக்கு", "கேஸ் தீந்துபோச்சு", அவ்வளவுதான். சண்டை போட்டாலாவது சமாளிக்கலாம். சும்மா இருப்பவளை என்ன செய்வது? எங்கே இப்படியே இருந்துவிடுவாளோ என்று டாக்டருக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தில் இன்னும் அதிகமாகப் பேசினார்.

அந்தச் சமயம் பார்த்து அவருடைய கடைவாய்ப் பல்லே வேலையைக் காட்டியது. முகம் ஒரு பக்கம் வீங்கிவிட்டது. அடுத்த தெரு பல் டாக்டரிடம் போவதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் தன் நாற்காலியில் தானே போய்ச் சாய்ந்தார். மனைவி கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஊசி ஆயிற்று. பஞ்சு ஆயிற்று. குழாயை நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்றார் மனைவி. பிறகு நிதானமாக, "ஏங்க, அந்தப் படத்துல இடைவேளை முடிஞ்ச உடனே அவனுக்குப் பல்லு சொத்தையாகி, கொறடு வெச்சு தானே பிடுங்கிக்கிறானே, அந்த சீனை ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்றதே இல்ல?"

டாக்டரின் கண் இரண்டும் அகலமாயின. இடது கை தானாக மேலே போனது.

"மருந்து நல்லா பிடிச்சிருக்கே, வலிக்காதே" என்று கையைப் பிடித்து இறக்கினார் மனைவி. நர்ஸின் குழாய் ஆடியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று டாக்டருக்குத் தெரிந்தது.

"நாலு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஒண்ணா போன படம். இடைவேளைல போன் வந்துச்சுன்னு எழுந்து போனீங்க. திரும்பி வந்து பின்வரிசைல உக்காந்து பாத்தேன்னு சொன்னீங்க. வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம்."

திறந்தார். வேறு வழி?

"அந்தப் பல்லு சீன் வந்தப்ப உங்க மூஞ்சியப் பாக்கணும்னு திரும்பினேன். பின்வரிசைல நீங்க இல்ல. சரி, வந்துருவீங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன். படம் முடிஞ்சுபோச்சு. அது நல்ல படமா, குப்பையான்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க. மிச்சத்தை நானும் பாக்கல."

பல் வந்துவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. தன்னைவிட அவளுக்குக் கை சுத்தம் என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார். அதையும் சொல்ல முடியவில்லை. பள்ளத்தில் பஞ்சை வைத்து, அரை மணி நேரம் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

இருபத்திமூன்று வருடத்தில் முதல்முறையாக ஒருவர் சொன்னதை அவர் கடைசி வரைக்கும் கேட்டிருக்கிறார். எட்டி மருந்துச்சீட்டை எடுத்தார். 'போன்ல ஒரு பேஷன்ட், அவசரம்' என்று எழுதினார். உடனே அதை அடித்தார். கீழே வேறொன்று எழுதி மனைவியிடம் நீட்டினார். மருந்துக்கடைக்காரர்களே திணறும் கையெழுத்து. மனைவி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார்.

'யாரும் கூப்பிடல. தூக்கம் தாங்கல. கார்ல படுத்துத் தூங்கிட்டேன்.'

மனைவி சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையுறையோடு முகத்தை மூடிக்கொண்டு, கீழே கண்ணாடிக் கடை வரைக்கும் கேட்கும்படி சிரித்தார்.

"அடப்பாவி மனுஷா, இதை அப்பவே சொல்லியிருந்தா நானும் வந்து பக்கத்துல தூங்கியிருப்பேனே!"