ஜவரேகௌடர் போட்ட ஒரு வருஷ லீவு

கெம்பனகொப்பலில் நடக்காத காரியத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "முதல்ல செக்ரட்ரி லீவு போடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். வாய்க்காலில் தண்ணீர் விடுவார்களா, ரோட்டுக்குத் தார் போடுவார்களா, நாற்பதை நெருங்கும் ராமண்ணாவுக்குப் பெண் கிடைக்குமா, எல்லாவற்றுக்கும் ஊரில் இந்த ஒரு பதில்தான். அந்த செக்ரட்ரிதான் ஜவரேகௌடர். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியின் காரியதரிசி. வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, யுகாதி தெரியாது, சாவும் தெரியாது. மடி கனத்தால் கறந்தாக வேண்டும். கறந்து கொண்டுவந்தால் வாங்குவதற்கு ஆள் இருக்க வேண்டும். ஜவரேகௌடர் கல்யாணத்துக்கு முன்பே அந்த மர நாற்காலியில் உட்கார்ந்தவர். விடியுமுன் கதவைத் திறப்பார். பாலை அளப்பார். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துக் கொழுப்பு பார்க்கும் மெஷினில் வைப்பார். லாரி வந்து கேன்களை ஏற்றிக்கொண்டு போனபிறகு தரையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார். சாயங்காலம் மறுபடியும் அதே வேலை. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற பகல் மட்டும்தான் அவருடையது. அந்தப் பகலுக்குள் போய்த் திரும்பக்கூடிய தூரம் வரைக்கும்தான் அவருக்கு உலகம். மைசூர் வரை போகலாம். அதைத் தாண்டினால் சாயங்காலப் பாலுக்கு வந்து சேர முடியாது.

"ஒரு வருஷம் தாயம்மா, ஒரே ஒரு வருஷம்," என்பார், பால் ஊற்ற வரும் சிக்கதாயம்மாவிடம். "சூரியன் மூஞ்சில அடிக்கிற வரைக்கும் தூங்கணும். சாயங்கால ஆட்டம் சினிமா ஒண்ணு பாக்கணும். மக வீட்டுல ராத்திரி சூடா ராகிக்களி தின்னுட்டு அங்கேயே கால நீட்டிப் படுக்கணும்."

"போயேன்யா. உன்னை யாரு கயிறு போட்டுக் கட்டியிருக்கா?"

"இந்த மகாதேவி மெஷின் வேலையக் கத்துக்கட்டும்."

"அவ கத்துக்கிட்டு, கல்யாணம் கட்டிக்கிட்டு, ரெண்டு புள்ளையும் பெத்துட்டா. நீ இன்னும் உக்காந்த எடத்துலதான் இருக்கே. உனக்கு லீவு வேணாம்யா. லீவப் பத்திப் பேசறதுதான் வேணும்."

மகாதேவி அவருக்கு உதவிக்கு இருந்த பெண். மெஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்து சிரிப்பாள். வரிசையில் நிற்கிற எல்லோரும் சிரிப்பார்கள். ஜவரேகௌடரும் சேர்ந்து சிரிப்பார். அவரைக் கேலி செய்தால் அவருக்குப் பெருமையாக இருக்கும். தான் இல்லாமல் ஊர் நடக்காது என்று ஊரே ஒப்புக்கொண்ட மாதிரி எடுத்துக்கொள்வார். அசட்டு மனுஷன்.

உண்மையில் அந்த ஒரு வருஷ ஆசை அவருடையது இல்லை. அவர் மனைவி ஜயம்மாவுடையது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் அவர், "சொசைட்டிக்குக் கட்டடம் முடியட்டும்" என்றார். பிறகு, "சுனந்தா பத்தாவது முடிக்கட்டும்" என்றார். அப்புறம் ஜயம்மாவின் சிறுநீரகம் கெட்டுப்போய் மைசூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் சுனந்தா படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு இருந்தாள். இவர் காலைப் பாலை முடித்துக்கொண்டு தினமும் போவார். கட்டிலோரம் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக் கொடுப்பார். இரண்டு மணியானால் எழுந்துவிடுவார்.

கடைசி நாள் ஜயம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு சாயங்காலம் மட்டும் இருங்களேன்" என்றாள். "பால எடுத்துட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பார்த்து லாரி வர நேரமாகிவிட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் இல்லை.

மறுநாள் அவர்கள் நிலத்திலேயே அவளைப் புதைத்தோம். சாயங்காலம் இன்றைக்குப் பால் கிடையாது என்றுதான் ஊரில் எல்லோரும் இருந்தார்கள். ஜவரேகௌடர் குளித்தார், ஈரத்தலையோடு போய் சொசைட்டிக் கதவைத் திறந்தார். ஊரே வாயைப் பிளந்தது. "பொண்டாட்டியப் பொதைச்ச கை காயல, நம்ம பால் கெட்டுடக் கூடாதுன்னு வந்து உக்காந்துட்டான் பாரு! அவன் மனுஷன்!" என்றார்கள். அந்த வருஷம் சங்கத்துப் பொதுக்கூட்டத்தில் அவருக்கு சால்வை போர்த்தி, மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகை கட்டிவிட்டார்கள். அந்தப் போட்டோவை ஜயம்மா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இந்தக் கதையை அவரே சொன்னார். இப்படிப்பட்ட வீட்டுப் பெண் என்று அவர்கள் மதிப்பார்கள் என்று நினைத்தார். சுனந்தா காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அவள் கல்யாணத்திலும் முகூர்த்தம் முடிந்து, பந்தியில் பரிமாறி, சாயங்காலப் பாலுக்குப் போய்விட்டார். மாமன்தான் அவளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

சுனந்தா மைசூரிலேயே குடித்தனம் வைத்தாள். புருஷன் லோகேஷ் பம்பு செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தான், நல்ல பையன். பூர்வி என்று ஒரே பெண். ஜவரேகௌடர் மாதம் ஒருமுறை போவார். போன உடனே சுனந்தா சமைக்கத் தொடங்குவாள், பன்னிரண்டுக்கே இலை போடுவாள். அவர் சாப்பிட்டுக் கை துடைப்பதற்குள் பஸ் நேரமாகிவிடும்.

ஒருநாள் பூர்வி அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, நீங்க ராத்திரியில இருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"இருப்பேன்டி கண்ணு. ஏன் கேக்கறே?"

"நான் பாத்ததே இல்லையே."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஜயம்மாவுக்குக் கொடுக்க முடியாத வருஷத்தை மகளுக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த வாரமே சங்கத் தலைவரிடம் போய் நின்றார்.

"ஒரு வருஷமா? கௌட்ரே, எனக்கு மாரடைப்பு வரவெக்காதீங்க," என்றார் தலைவர். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க. சம்பளம் கிடையாது. நாற்காலி இங்கேயேதான் இருக்கும்" என்றார்.

மகாதேவி கையில் சாவியைக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பியபோது வரிசையே கை தட்டியது. ராமண்ணா, "அப்ப எனக்குப் பொண்ணு கெடைச்சிடும்!" என்று கத்தினான். ஜவரேகௌடர் ராகி மாவும் அவரைக்காயும் நெய்யும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வருவதாக மகளிடம் சொல்லியிருந்தார், எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. நேரில் சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

சுனந்தா வழக்கம்போல் பன்னிரண்டுக்கு இலை போட்டாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டார். மோருக்கு அப்புறமும் உட்கார்ந்தே இருந்தார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அப்பா, பஸ் போயிடும்."

"போகட்டும்மா. இனிமே எனக்கு பஸ் இல்ல. லீவு போட்டுட்டேன். ஒரு வருஷம். ஒன்கூடவே இருக்கப் போறேன்."

அவள் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பூர்வி தெருவெல்லாம் போய், "எங்க தாத்தா ராத்திரியும் இருப்பாரு!" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் கட்டிலில் படுத்துப் பார்த்தார், எழுந்து உட்கார்ந்து பார்த்தார். நாலரை ஆனபோது கை தானாகச் சாவியைத் தேடியது.

விளக்கு வைத்துவிட்டு சுனந்தா வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"கடைசி நாள் அம்மா ஒங்ககிட்ட ஒரு சாயங்காலம்தான் கேட்டா. ஒரு வருஷம் கேக்கல."

அவருக்கு முகம் வாடிவிட்டது. "அன்னைக்கு லாரி லேட்டும்மா. ஒனக்குத் தெரியுமே."

"எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியல. நாலு மணிக்குத் தலை வாரிவிடச் சொன்னா. 'அப்பா வருவாரு, இப்படிக் கெடந்தா நல்லாவா இருக்கும்'னா. அஞ்சு மணிக்கு, 'இப்ப தாயம்மா ஊத்திட்டிருப்பா, அவ வாயடிப்பா, இவரு சிரிச்சுட்டிருப்பாரு'ன்னா. அப்புறம், 'இப்ப கேன மூடுவாரு. இப்ப மெஷினத் தொடைப்பாரு. இப்ப பஸ் ஏறியிருப்பாரு'ன்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டே இருந்தா. கதவு தொறக்கற ஒவ்வொரு தடவையும் சேலைய இழுத்து விட்டுக்கிட்டா. இருட்டினப்புறம் பேசல. கதவையே பாத்துட்டிருந்தா. அப்படியே போயிட்டா. நான் கண்ண மூடல. நீங்க வந்து மூடணும்னு இருந்தேன். கடைசியில நர்ஸம்மா வந்து மூடினாங்க."

"இதை இத்தனை வருஷமா ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"எப்ப சொல்றது? நீங்க வந்தா, சோறு பொங்கிப் போடறதுக்கே நேரம் சரியாப் போச்சு. இதச் சொல்ல ஒரு சாயங்காலம் வேணும்ப்பா. இன்னைக்குத்தான் கெடைச்சுது."

அவள் அழவில்லை. அழுது தீர்த்தவள் பேசுகிற மாதிரி பேசினாள். "நீங்க இருங்க. எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க, ஒங்க வீடு இது. ஆனா எனக்காக வந்தேன்னு மட்டும் சொல்லாதீங்க. அவ கேட்டத எங்கிட்டக் கொண்டாந்து குடுத்தா நான் அத எங்கப்பா வெப்பேன்?"

அன்று இரவு சூடான களி இருந்தது. அவர் தொட்டார், தின்னவில்லை. காலையில் சூரியன் மூஞ்சில் அடித்தது, ஆனால் அதற்கு முன்பே அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு, "மகாதேவி போன் பண்ணாம்மா, மெஷின் மக்கர் பண்ணுதாம்" என்றார். அன்று காலையிலிருந்து போன் அடிக்கவே இல்லை. சுனந்தாவுக்கும் அது தெரியும். "சரிப்பா" என்றாள். ஆனால் முதல் தடவையாக பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியில் இருந்த அவர் கைமேல் தன் கையை வைத்து எடுத்தாள்.

அவர் ஊரில் இறங்கியபோது பால் வரிசை பாதி நகர்ந்திருந்தது. சிக்கதாயம்மாதான் முதலில் பார்த்தாள்.

"அடடா, செக்ரட்ரி! வருஷம் அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா? மைசூர்ல காலண்டர ரெண்டு ரெண்டாக் கிழிக்கிறாங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மகாதேவி நாற்காலியிலிருந்து எழுந்தாள். "வாங்கண்ணா, உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. கேன்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "மணி என்ன?" என்று கேட்டார்.

"அஞ்சாச்சுண்ணா."

"அப்ப நான் போகணும்."

"எங்க போகணும்? இப்பதானேய்யா வந்தே?" என்றாள் சிக்கதாயம்மா.

"ஆஸ்பத்திரிக்கு. ஜயம்மா தலை வாரிக்கிட்டு உக்காந்திருக்கா, தாயம்மா. கதவையே பாத்துக்கிட்டிருக்கா."

புத்தி பிசகி அவர் அதைச் சொல்லவில்லை. நன்றாகத் தெரிந்தேதான் சொன்னார். சொல்லிவிட்டு அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவளைப் புதைத்த அன்றுகூட அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. மகாதேவி மெஷினை நிறுத்தினாள். வரிசை அப்படியே நின்றது.

சிக்கதாயம்மா தன் கேனைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அந்த ஒரு வேளைப் பால எங்க புள்ளைங்களுக்குக் குடுத்திருந்தா குடிச்சிருக்குமேய்யா," என்றாள். "'நீ ஆஸ்பத்திரியிலயே இரு, பாலுக்கு வராதே'ன்னு ஒனக்குச் சொல்ல எங்க ஒருத்திக்கும் வாய் வரலையே."