றிஸ்வி மாற்றித் தந்த ஸ்கோப்

எழுதத் தொடங்க முன்னர் பேணாட்டிடம் கேட்டேன், பெயர்களை மாற்றிவிடவா என்று. வேண்டாம் என்றார். "நடந்தது நடந்தபடி இருக்கட்டும்" என்றார். அதனால் இதில் நான் கூட்டியது எதுவுமில்லை. சுடுகாடு, நாய் ஊளை, நடுச்சாமம் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. திருகோணமலையின் பங்குனி, சித்திரை வெயிலில்.

பேணாட் துறைமுகத்துப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறவர். லிங்கநகரில் வீடு. மனைவி கிறிஸ்டின், இரண்டு பெண்பிள்ளைகள். குடியில்லை, சிகரட் இல்லை. ஒரேயொரு பைத்தியம் இருந்தது. எயார் றைபிள் எனும் காற்றுத் துப்பாக்கி. அந்தப் பைத்தியத்தை அவருக்குத் தொற்ற வைத்தவர் கிண்ணியா றிஸ்வி. றிஸ்வி வயல் செய்கிறவர். குரங்கு விரட்ட அனுமதி எடுத்து ஒரு எயார் றைபிள் வைத்திருந்தார். அது பழுதாகிப் பேணாட்டின் வேலைத்தளத்துக்கு வந்தது. அன்றிலிருந்து இருவரும் பழைய றைபிள்களைத் தேடிப் பிடித்துக் கழற்றுவதும், ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் பொருத்துவதும், மரப்பிடியைத் தாங்களே சீவி இழைப்பதுமாக இருந்தார்கள். சனிக்கிழமைகளில் இறக்கக்கண்டிக்குப் போவார்கள். கிறிஸ்டினின் தம்பி டிலுக்ஷனுக்கு அங்கே கடலோரமாக ஒரு தென்னங்காணி. வெறும் பால்மாத் தகர ரின்களை நிரையாக வைத்துச் சுடுவார்கள். குருவி, கொக்கு எதையும் பேணாட் தொட்டதில்லை.

சுடுவதைவிட ஸ்கோப் மாற்றுவதில்தான் இருவருக்கும் ருசி. ஸ்கோப் என்றால் றைபிளின் மேல் பூட்டும் குழாய்க் கண்ணாடி. தூரத்திலுள்ளதைப் பெருக்கிக் காட்டும், நடுவில் குறுக்குக் கோடு இருக்கும். எந்த வெளிச்சத்துக்கு எது, எவ்வளவு தூரத்துக்கு எத்தனை மடங்கு, ஸ்பிரிங் றைபிளின் உதையைத் தாங்குமா தாங்காதா... இதையே மணிக்கணக்காகக் கதைப்பார்கள். இந்த வாரம் பேணாட்டின் றைபிளில் இருக்கும் ஸ்கோப் அடுத்த வாரம் றிஸ்வியின் றைபிளில் இருக்கும்.

இருவரின் சிநேகிதமும் அதோடு நிற்கவில்லை. கிறிஸ்டினுக்குப் பெரிய ஒப்பரேசன் நடந்தபோது இரத்தம் கொடுத்தது றிஸ்விதான். அவருடைய மனைவி ஸுல்பிகா அந்த நாட்களில் பேணாட்டின் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தாள். றிஸ்வி எதை நீட்டினாலும், என்ன ஏது என்று கேளாமல் வாங்குகிறவராகப் பேணாட் இருந்தார்.

அன்றும் அப்படித்தான் வாங்கினார்.

மத்தியானம். றிஸ்வி வேலைத்தளத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில் துவாயால் சுற்றிய ஏதோ ஒன்று. தேத்தண்ணி வேண்டாம் என்றார். துவாயை விரித்து, "நீங்களே எடுங்க" என்றார்.

கறுப்பு ஸ்கோப். பழையது. பாரமானது. கம்பனிப் பெயர் எதுவுமில்லை. ஆனால் கண்ணாடியோ... பேணாட் அப்படியொரு கண்ணாடியைப் பார்த்ததில்லை. ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். எது இருந்தாலும் சரி என்றார் றிஸ்வி. பேணாட் தன்னிடமிருந்த நல்லதொன்றைக் கொடுத்தார். எந்த ஸ்கோப்பையும் வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற றிஸ்வி, அதைப் பார்க்கவேயில்லை. சாரத்து மடிப்புக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார்.

துவாயையும் விட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை இறக்கக்கண்டிக்குப் பேணாட் தனியாகத்தான் போனார். றிஸ்விக்கு வயலில் வேலையாம். டிலுக்ஷன் ரின்களை அடுக்கிவிட்டு வந்து பக்கத்தில் குந்தினான். பேணாட் புதிய ஸ்கோப்பைப் பூட்டி, குப்புறப் படுத்து, கண்ணை வைத்தார்.

ரின் தெரிந்தது. அதற்குப் பின்னால் வேலி. வேலிக்கு அங்கால் ஒரு ஆள்.

சாரம் கட்டிய ஆள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆளிருக்கும் பக்கம் சுடக்கூடாதென்று பேணாட் தலையைத் தூக்கினார். வேலிக்கு அங்கால் வெறும் மணல்.

"டிலுக்ஷன், வேலியடியில ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லையே அத்தான்."

மறுபடி கண்ணை வைத்தார். நின்றான். கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து, சேட்டு நுனியால் துடைத்துவிட்டுப் பார்த்தார். நின்றான். சரி, இன்னும் கிட்டப் பார்ப்போமென்று வளையத்தைத் திருகினார். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குக்கு. ரின் பெருத்தது. வேலிக் கம்பி பெருத்தது. கம்பத்தில் இருந்த ஓணானின் தொண்டை துடிப்பதுகூடத் தெரிந்தது.

அவன் மட்டும் பெரிதாகவில்லை.

அதே அளவில்... அப்படியே நின்றான்.

இன்னொன்றையும் பேணாட் அப்போதுதான் கவனித்தார். கண்ணை ஸ்கோப்பில் வைத்தால் கடல் இரைச்சல் நின்றுவிடுகிறது. காற்று நின்றுவிடுகிறது. கண்ணை எடுத்தால் எல்லாம் திரும்ப வருகிறது. வைத்தால் நிற்கிறது. எடுத்தால் வருகிறது.

அன்று அவர் ஒரு வெடிகூட வைக்கவில்லை. தலையிடி என்று டிலுக்ஷனிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த நாள் பூசை முடிந்து வந்து மொட்டைமாடிக்கு ஏறினார். றைபிளைக் கீழே வைத்துவிட்டு ஸ்கோப்பை மட்டும் கையில் கொண்டுபோனார். உச்சி வெயில். துறைமுகம் தகடுபோல மினுங்கியது. தூரத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. அதைப் பார்த்தார்.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவில், தண்ணீருக்கு மேல், அவன் நின்றான்.

முதுகைக் காட்டிக்கொண்டுதான். ஆனால் நேற்றைவிடக் கிட்ட. பிடரி மயிர் தெரிந்தது.

வேறு ஸ்கோப்புகளை எடுத்துப் பார்த்தார். கப்பல், தண்ணீர், நீர்க்காகம். வேறெதுவும் இல்லை. றிஸ்வி தந்ததை எடுத்தார். நின்றான்.

றிஸ்விக்குப் போன் எடுத்தார். அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப எடுத்தார். துண்டித்தார்கள்.

திங்கட்கிழமை வேலைத்தளத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஸ்கோப்பைச் சுவருக்கு நேரே பிடித்தார். நாலைந்து எட்டுத் தூரத்தில் சுவர். அவ்வளவு கிட்டத்தில் எந்த ஸ்கோப்பிலும் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். சுவர் வெறும் மங்கலாகத்தான் தெரிந்தது.

மங்கலுக்கு முன்னால் அவன் தெளிவாக நின்றான்.

காது தெரிந்தது. காதுக்குப் பின்னால் வியர்வை தெரிந்தது. தோள் மெல்ல ஏறி, இறங்கியது.

மூச்சு விடுகிறான்.

பிறகு... கழுத்து திரும்பத் தொடங்கியது.

பேணாட் ஸ்கோப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு மோட்டார்சைக்கிளை எடுத்தார். கிண்ணியாப் பாலத்தைக் கடந்ததுகூட அவருக்கு நினைவில்லை.

றிஸ்வி வீட்டு முற்றத்தில் கதிரையில் இருந்தார். பேணாட்டின் கையிலிருந்த துவாயைக் கண்டதும் எழுந்து, படலையைச் சாத்தி, உள்பக்கம் நின்று பிடித்துக்கொண்டார். பதினைந்து வருடங்களில் அந்தப் படலை பேணாட்டுக்குச் சாத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. ஸுல்பிகா குசினி வாசலில் வந்து நின்றாள். வாங்கோ என்று சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்தாள்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சுதானே தந்தனீங்க?" என்றார் பேணாட்.

றிஸ்வி மறுக்கவில்லை. மூதூரில் ஹஸ்மி என்று ஒருவர் தனக்கு மாற்றித் தந்தது என்றார். முதலில் தூரத்தில் நின்றதாம். நாளுக்கு நாள் கிட்ட வந்ததாம். பார்க்காமல் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் வருவதாம். மூச்சுச் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கத் தொடங்கியதாம். சின்ன மகள் அதைக் கேட்டு, வாப்பா, அறைக்குள் ஆர் என்று கேட்டாளாம். கடைசியில் அவன் முகத்தைத் திருப்பினானாம்.

"ஆற்ற முகம்?"

றிஸ்வி படலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பேணாட் திரும்பவும் கேட்டார்.

"உங்கட முகம்."

படலையின் இரண்டு பக்கமும் இருவரும் நின்றார்கள். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அது முடிந்த பிறகு றிஸ்வி சொன்னார்: "உங்கட முகத்தைக் கண்டதும் அது உங்களுக்குரியது எண்டு நினைச்சன். ஆருக்காவது குடுத்தாத்தான் விட்டுப் போகும். வேற ஆருக்கும் குடுத்தா ஏன், எதுக்கு எண்டு கேப்பாங்க. நீங்க கேக்கமாட்டீங்க. எனக்குப் பிள்ளைகள் இருக்கு பேணாட்."

"எனக்கு?"

றிஸ்வி கொண்டு போங்க என்று மட்டும் சொன்னார். பிறகு உள்ளே போய்விட்டார். கதவையும் பூட்டிக்கொண்டார்.

அந்தத் தாழ்ப்பாள் சத்தம்தான் இன்னும் காதில் கிடக்கிறது என்றார் பேணாட். ஸ்கோப்பில் கண்டதைவிட அதுதான் கூடச் சுட்டது என்றார். திரும்பி வரும்போது பாலத்தில் மோட்டார்சைக்கிளை நிற்பாட்டிவிட்டு, வாகனங்கள் போய்வரும் இடத்தில், நாற்பத்தைந்து வயது மனிதர் நின்று அழுதிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் டிலுக்ஷன் இருந்தான். அக்காவுக்கு நண்டு கொண்டு வந்திருந்தான். பேணாட் மேசையில் வைத்த துவாயை அவனே விரித்தான். ஸ்கோப்பைத் தொடாமல் குனிந்து பார்த்தான். நல்ல சாமானாக இருக்கிறதே அத்தான், உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்குத் தாருங்களேன் என்றான். அவன் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவனில்லை. அன்று கேட்டான்.

பேணாட் ஸ்கோப்பை எடுத்து, யன்னல் பக்கம் திரும்பி, கடைசித் தடவையாகக் கண்ணை வைத்தார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

சத்தங்கள் நின்றன.

அவன் முழுதாகத் திரும்பியிருந்தான். முகம் குறுக்குக் கோட்டுக்கு நேர் நடுவில் இருந்தது.

டிலுக்ஷனின் முகம்.

பின்னால் டிலுக்ஷன் கதைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எதுவும் கேட்கவில்லை.

ஸ்கோப்புக்குள் இருந்த டிலுக்ஷன்... சிரித்தான்.

பேணாட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. யாருக்குக் கொடுக்கப்போகிறோமோ, அவருடைய முகத்தோடுதான் அது திரும்புகிறது. றிஸ்வி பார்த்ததும் அப்படித்தான். 'இந்தா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிள்ளைகள் தப்பும். கிறிஸ்டின் தப்புவாள். அந்தச் சொல் நாக்கில் வந்து நின்றது என்று அவர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்.

தரமாட்டேன் என்றார். டிலுக்ஷனின் முகம் சுருங்கிப் போயிற்று. அத்தான் தன்னை ஒரு ஆளாக மதிக்கவில்லை என்று நினைத்திருப்பான். நண்டையும் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனான்.

அடுத்த நாள் காலை பேணாட் திருத்த வந்திருந்த படகொன்றை ஓடிப் பார்ப்பதாகச் சொல்லி வெளிக்கிட்டார். துறைமுக வாய்க்குப் போனார். அங்கே கடல் கரும்பச்சை. ஸ்கோப்பில் ஒரு பழைய எஞ்சின் உறுப்பைக் கம்பியால் வரிந்து கட்டி, கையை நீட்டி விட்டார். ஒரு குமிழிகூட வரவில்லை. நேரே கீழே போயிற்று.

அவ்வளவுதான். மூச்சுச் சத்தம் இல்லை. ஆள் இல்லை. ஒரு மாதம் நல்லபடியாகப் போனது. றிஸ்வி வரவில்லை. பேணாட்டும் போகவில்லை. இருந்த றைபிள்களைக் கழற்றி, உறுப்புகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்.

சித்திரைக் கடைசியில் ஸுல்பிகா போன் எடுத்தாள். சலாமும் இல்லை, சுகமும் கேட்கவில்லை.

"பேணாட் அண்ணன், எங்கட ஆள் செஞ்சது பிழைதான். அதுக்காகக் கிறிஸ்டின்ட தம்பியிட்டக் குடுத்து அனுப்புறதா?"

பேணாட்டுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் சொன்னாள்: டிலுக்ஷன் நேற்று ஒரு றைபிளோடு வந்தானாம். றைபிளில் ஸ்கோப்பைப் பூட்டித் தரும்படி றிஸ்வியிடம் நீட்டினானாம். அதே கறுப்பு ஸ்கோப். றிஸ்வி அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டவர் இன்னும் வெளியே வரவில்லையாம்.

பேணாட் உடனே டிலுக்ஷனுக்கு எடுத்தார். முதல் அடியிலேயே எடுத்தான். ஆனால் அத்தான் என்று கூப்பிடவில்லை.

"அதில ஒராள் நிக்கிறான்" என்றான். "உங்களுக்குத் தெரியும்தானே. தெரிஞ்சுதான் தந்தனீங்க."

நான் தரவில்லை என்றார் பேணாட். கடலில் போட்டுவிட்டேன் என்றார். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்.

டிலுக்ஷன் சிரித்தான். அது சிரிப்புப் போல இல்லை.

"எனக்குப் பொய் சொல்லாதீங்கோ. வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்கதான் வீட்ட வந்து தந்தனீங்க. நதீஷாவும் கண்டவ."

நதீஷா அவன் மனைவி. போனை அவளிடம் கொடுக்கச் சொன்னார் பேணாட். வெள்ளிக்கிழமை முழுக்கத் தான் வேலைத்தளத்தைவிட்டு அசையவில்லை, பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். நதீஷா மெல்லச் சொன்னாள்.

"நீங்கதான் அண்ணை. ஒரு சொல்லும் கதைக்கேல்ல. உள்ள வரச் சொன்னன், வரேல்ல. அவற்ற கையில வச்சிட்டுத் திரும்பிப் போட்டீங்க. நல்ல வெயில்... ஆனா தலையில இருந்து கால்வரை நனைஞ்சு ஊத்திக்கொண்டு நிண்டனீங்க. நீங்க போனாப்பிறகு வாசலைத் துடைச்சனான். கை வாயில பட்டது."

"பட்டு?"

"உப்பு அண்ணை. கடல் தண்ணி."