தவராசா அண்ணை திரும்பப் பெற்ற ‘சி’

தவராசா அண்ணை மாரடைப்பில் போய்விட்டார் என்று தொலைபேசியில் சொன்னபோது நான் பலெர்மோவின் கால்சாப் பகுதியில், நான் வேலை செய்யும் சிஞ்ஞோராவின் வீட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அதன்பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வியா மக்வேதாத் தெருவை மேலும் கீழுமாக இரண்டு தடவை நடந்தேன். இன்றைக்கும் இதை எழுந்து எழுந்துதான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், மாட்டிறைச்சியை வாயில் வைக்காத மனிதர், பலெர்மோவுக்கு வெளியே இறைச்சி மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தார். மாடுகளை வதைக்காமல் வளர்க்கவும் நல்ல இறைச்சி கொடுக்கவும் பண்ணைக்காரர்களுக்கு ஒரு மாட்டு வைத்தியர் அம்மா வகுப்பு நடத்தினார். முதலாளி அண்ணையையும் கூட்டிப்போனார். மொழிபெயர்க்க நான் போனேன். கத்தாமல், தடி தூக்காமல் ஓர் எருதை வண்டியில் ஏற்றச் சொன்னபோது முதலாளிமார் முழித்தார்கள். அண்ணை அதன் தோளோரமாக ஆறுதலாக நடந்தார். அது ஏறிவிட்டது.

“மாட்டுக்கு அவசரமில்லைப் பிள்ளை, அவசரமெல்லாம் எங்களுக்குத்தான்” என்றார்.

கடைசி நாள் பாடம் ஊசி. ஊசி போட்ட மாட்டைக் குறித்த நாள் கழியும்வரை வெட்டக்கூடாது, மருந்து இறைச்சியில் நிற்கும். நான் தமிழில் சொன்னதும் அண்ணையின் முகம் கறுத்துவிட்டது.

“பிள்ளை, காலமை முதலாளி ஏதோ கேட்டவர். நான் ‘சி, சி’ எண்டனான். எங்கட எருதொண்டை வெட்ட ஏத்தி அனுப்பிப்போட்டார். முந்தநாள்தான் அதுக்கு ஊசி போட்டது.”

யாராவது கதைத்தால் நாங்கள் ‘ஓம், ஓம்’ போடுவோம். கேட்கிறோம் என்பதுதான் அதன் பொருள். அண்ணை அந்த ஓமை இத்தாலியனில் ‘சி’ என்று போட்டிருக்கிறார். நாள் கழிந்துவிட்டது என்று முதலாளி எடுத்துக்கொண்டார்.

“எழும்பிச் சொல்லு பிள்ளை.”

“சும்மா இருங்கோ அண்ணை. வேலை போனால் இஞ்ச இருக்கிற பெர்மெஸ்ஸோவும் போயிடும்.”

“நான் தின்னாத இறைச்சிதான். அதுக்காக மற்றச் சனம் மருந்தைத் தின்னட்டும் எண்டு விடேலுமே?”

நான் வாயைத் திறக்கவில்லை. அவரே எழுந்தார். தனக்குத் தெரிந்த நாலு இத்தாலியச் சொல்லில், “என்ர சி, சி இல்லை. மாடு, ஊசி. வெட்ட வேண்டாம்” என்றார். வைத்தியர் அம்மா உடனே இறைச்சிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்து எருதை நிறுத்தினார். முதலாளி பல நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வேலை தப்பியது.

பிறகு கோயிலிலும் கலியாணவீட்டிலும் அண்ணை சொன்ன கதை வேறு. “இந்தப் பிள்ளைதான் துணிஞ்சு எழும்பிச் சொன்னது” என்பார். ஏன் அண்ணை என்று கேட்டேன்.

“நீ இன்னும் எத்தினை பேருக்கு மொழிபெயர்க்க வேணும். சனம் உன்னை நம்ப வேணுமெல்லே?”

நான் மறுக்கவில்லை. செத்தவீட்டிலும் அதைச் சொல்லித்தான் என் கையைப் பிடித்தீர்கள். அன்று எழுந்தவர் அவர். அவர் தந்த நல்ல பெயரை உங்கள் முன் இறக்கிவைக்கிறேன். வாய் திறக்காத வெட்கத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.