அலமாரிக் கதவில் இருபத்துமூன்று பெண்கள்

பழனியம்மாள் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். ஆனால் முனைவர் பட்டம் வாங்கிய இருபத்துமூன்று பெண்கள், பிள்ளை பிறந்தாலும் புது வேலை கிடைத்தாலும் முதலில் போன் செய்வது அவருக்குத்தான்.

சேலத்தை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் உதவியாளர் அவர். ஓமலூர் பஸ்ஸில் காலை எட்டரைக்கு வந்து இறங்குவார். சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, நீராவிக் கொப்பரையில் கொதிக்க வைத்து எடுப்பது, எந்தப் பாட்டிலை எவர் தொடலாம் என்று அதட்டுவது எல்லாம் அவர் வேலை. கணவர் சடையன் ஓமலூரில் தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறார். சொத்து என்று சொல்லிக்கொள்ள பெரிதாக எதுவும் இல்லை. இருப்பது அந்த அலமாரிக் கதவு.

ஆய்வகத்தின் மூலையில் கண்ணாடிச் சாமான்கள் வைக்கும் இரும்பு அலமாரி ஒன்று நிற்கிறது. கதவைத் திறந்தால் உட்புறம் முழுக்க மார்க்கர் பேனாவால் எழுதிய பெயர்கள், ஊர்கள், போன் எண்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து. படிப்பை முடித்துப் போகிற பெண் ஸ்வீட் பெட்டியோடு வந்து நின்றால் பழனியம்மாள் பேனாவைத்தான் நீட்டுவார்.

"எழுதீட்டுப் போ சாமி. நாளைக்கு உன்ற ஊட்டுக்கு ஒரு புள்ளைய அனுப்புவேன். கதவத் தொறக்கோணும்."

வெளியூரில் ஒரு கருத்தரங்கு என்றால் ஆண் மாணவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். லாட்ஜில் தங்குவார்கள், தேநீர் இடைவேளையில் பத்து விஞ்ஞானிகளிடம் பேசுவார்கள். அடுத்த வருடம் அந்தப் பத்துப் பேரில் ஒருவரிடமிருந்து வேலை வரும். பெண்ணுக்கோ வீட்டில் முதல் கேள்வியிலேயே எல்லாம் நின்றுவிடும். "அங்க நமக்குத் தெரிஞ்ச ஊடு ஏது?"

அந்தத் தெரிந்த வீட்டைத்தான் பழனியம்மாள் ஊர் ஊராகத் தேடி வைத்தார். சரிதா என்ற பெண்ணின் அப்பா சென்னைக்கு அனுப்ப மறுத்தபோது, அங்கே வேலை பார்த்த பழைய மாணவி ஒருத்தியை அவரோடு போனில் பேச வைத்தார். அந்தப் பெண்ணே ரயில் நிலையத்துக்கு வந்து சரிதாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மறுநாள் தன் மேலதிகாரியிடம் அறிமுகம் செய்தாள். சரிதா இன்று ஹைதராபாத்தில் ஒரு தடுப்பூசி நிறுவனத்தில் இருக்கிறாள். அவள் பெயரும் கதவில் ஏறியது.

அலுவலகத்தில் ஆராய்ச்சிப் பிரிவைப் பார்க்கும் ராசு சீண்டுவார். "ஏம்மா பழனியம்மா, உன்ற லேப்புல ஆராய்ச்சி நடக்குதா, டிராவல்ஸ் ஆபீஸ் நடக்குதா?"

"ரெண்டும்தானுங்க. உங்களுக்கு டிக்கெட் வேணுமுங்களா?"

இப்படிச் சிரித்துப் பேசுகிறவரின் கைதான் போன ஜூன் மாதம் சோப்புத் தண்ணீருக்குள் அப்படியே நின்றுபோனது.

கோகிலவாணி புதுச்சத்திரத்துப் பெண். கணவர் கோகுல்ராஜ் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் வடக்கே இருப்பார். ஜவ்வரிசி ஆலைகள் வெளியேற்றும் புளித்த தண்ணீரைப் பாக்டீரியாக்களைக் கொண்டு சுத்தம் செய்வதுதான் அவள் ஆராய்ச்சி. நான்கு வருட உழைப்பு. அவளுடைய நெறியாளர் உடம்புக்கு முடியாமல் விருப்ப ஓய்வில் போய்விட்டார். ஆறு மாதத்துக்குள் வேறு நெறியாளரின் சம்மதக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. நான்கு வருடமும் மண்ணோடு போகும்.

ஏழு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். நான்கு பேர் இடமில்லை என்றார்கள். மூன்று பேரிடமிருந்து பதிலே இல்லை. "போதும் கண்ணு, பள்ளிக்கூட வேலைக்குப் போ," என்று மாமனார் சின்னண்ணன் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு அவளை இன்னும் அழ வைத்தது.

பழனியம்மாள் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழைத்தார். கோவை, பெங்களூரு, புனே. ஒவ்வொருத்தியும் இன்னும் இரண்டு பேரிடம் விசாரித்தாள். ஐந்தாம் நாள் கோகிலவாணிக்கு வந்த எல்லாப் பதில்களும் ஒரே பெயரில் வந்து நின்றன.

"பள்ளிபாளையம் பக்கம் ஒரு மகளிர் கல்லூரில சௌந்திரம் மேடம் இருக்காங்களாமா அக்கா," என்றாள் கோகிலவாணி. "இந்த வேலைக்கு அவங்கதான் சரியான ஆளாமா. இடமும் இருக்குதாமா. நான் மூணு மெயில் போட்டுட்டேன், பதிலே இல்ல. நம்ம லேப்புல இருந்தவங்கதானாமே. நீங்க ஒரு வார்த்த பேசுங்கக்கா."

குழாய் கழுவிக்கொண்டிருந்த பழனியம்மாள் சோப்புத் தண்ணீரிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"அவுங்க பேரு மட்டும் கதவுல இல்ல சாமி. அவுங்களுக்கு நான் பண்ணுன பாவத்துக்குத்தான் இந்தக் கதவே."

பதினோரு வருடத்துக்கு முன் நடந்தது. சௌந்திரம் அப்போது அங்கே ஆராய்ச்சி மாணவி. கோவைக் கருத்தரங்கில் அவர் பேச வேண்டிய நாள். துறையின் போன் அடித்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் பழனியம்மாள் எடுத்தார். சௌந்திரத்தின் அப்பா, மகள் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டார்.

"அவுங்க கோயமுத்தூர் போயிருக்காங்கங்க. அவுங்களும் நந்தகுமார் சாரும் காலைல பஸ்ஸுக்குப் போனாங்க. மேடையில பேசறாங்களாமா," என்றார் பெருமை பொங்க.

நந்தகுமார் சக மாணவர், அவ்வளவுதான். ஆனால் நான்கு பெண்கள் சேர்ந்து போவதாகத்தான் மகள் வீட்டில் சொல்லியிருந்தாள். மத்தியானத்துக்குள் அப்பா கோவை போய்ச் சேர்ந்தார். மேடை ஏறும் முன்பே மகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். அதன் பிறகு சௌந்திரம் அந்த ஆய்வகத்துக்கு வரவேயில்லை. கல்யாணத்துக்குப் பின் கணவர் துணையோடு வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தார் என்று கேள்வி.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்துக்குள் கடிதம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பழனியம்மாள் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கோகிலவாணியோடு பஸ் ஏறினார். சங்ககிரி தாண்டும் வரை என்ன பேசுவது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தார்.

கல்லூரியில் சௌந்திரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"உக்காருங்க பழனியம்மா."

"இருக்கட்டுங்க மேடம்."

"மேடமா? முந்தி அம்மிணின்னுதானே கூப்புடுவீங்க."

வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சு பழனியம்மாளுக்கு மறந்துபோனது. "அன்னிக்கு உங்கப்பாகிட்ட நான் அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. எம்மேல இருக்கற கோவத்துல இந்தப் புள்ளைய உட்டுறாதீங்க."

சௌந்திரம் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க என்ன பொய்யா சொன்னீங்க? பொய் சொன்னது நான். எனக்குக் கோவம் அதுல இல்ல. ஒண்ணரை வருசம் ஊட்டுக்குள்ள கெடந்தேன் பழனியம்மா. அந்த லேப்புல இருந்து ஒருத்தர்கூட போன் பண்ணி, எப்படி இருக்கறேன்னு கேக்கல. நீங்களும் கேக்கல."

"பண்ணுனனுங்களே," என்றார் பழனியம்மாள் மெதுவாக. "உங்க செல்லுக்கு மூணு தடவ பண்ணுனேன். மூணு தடவையும் உங்கப்பா எடுத்தாரு. பயந்துக்கிட்டு வெச்சுட்டனுங்க."

சௌந்திரம் அவரையே பார்த்தார்.

"அது நீங்களா?"

"ஆமாங்க."

"பேசாம பேசாம வெச்சது நீங்களா? நந்தகுமாருதான் பண்றான்னு நெனச்சு எங்கப்பா என்ற செல்லக் கெணத்துல வீசிட்டாரே."

பழனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவரின் கண்கள் நிறைந்து வழிந்தன. பதினோரு வருடமாகத் தன்னை யாருமே தேடவில்லை என்று நெஞ்சில் சுமந்திருந்தார். மூன்று முறை தேடியிருக்கிறார்கள். அந்த மூன்று அழைப்புகளும் அவருக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். எழுந்து வந்து பழனியம்மாளின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

கோகிலவாணி தயங்கித் தயங்கிக் கதவைப் பற்றிச் சொன்னாள். எந்த ஊரில் யார் இருக்கிறார்கள், யார் யாரை அழைத்துப் போனார்கள் என்று. சௌந்திரம் விரல் விட்டு எண்ணினார்.

"இருவத்திமூணு பேரா?"

"ஆமாங்க மேடம்."

"உன்ற மெயில் தலைப்புல அந்த லேப்போட பேரப் பாத்தேன். தொறக்க மனசு வரல. அது என்ற தப்பும்மா." லேப்டாப்பைத் திறந்து அந்த மின்னஞ்சலைப் படித்தார். இரக்கத்துக்காகக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை அவர். "ஆலைத் தண்ணி ரொம்பப் புளிச்சுதுன்னா உன்ற பாக்டீரியா தாங்குமா?"

"பி.எச். நாலரை வரைக்கும் தாங்குதுங்க மேடம். அதுக்குக் கீழ மூணு நாள்ல செத்துருது."

"ஆலையில பாத்தியா, இல்ல லேப்புல மட்டுமா?"

"ரெண்டு ஆலையிலயும் பாத்துட்டனுங்க. மழைக்காலத்துக் கணக்குதான் இன்னும் எடுக்கல."

"அத எடுக்காம எழுத உடமாட்டேன்."

"எடுத்துர்றனுங்க."

கோகிலவாணி கொண்டுவந்திருந்த சம்மதக் கடிதத்தைச் சௌந்திரம் வாங்கினார். "அக்டோபர்ல ஹைதராபாத்ல கருத்தரங்கு. மேடையேறிப் பேசோணும். சம்மதமா?"

கோகிலவாணி பதில் சொல்வதற்குள் பழனியம்மாள், "அங்க நம்ம சரிதா இருக்கறாங்க," என்றார்.

கையெழுத்து விழுந்தது. முதல்வர் வெளியே போயிருந்ததால் கல்லூரி முத்திரைக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பஸ் சங்ககிரியில் இருபது நிமிடம் நின்றது. ராசுவின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐம்பது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிக்கு வரி படித்தார். பிறகு 'பெறப்பட்டது' முத்திரையைக் குத்தி நகலை நீட்டினார்.

வெளியே வந்ததும் கோகிலவாணி குனிந்து பழனியம்மாளின் காலைத் தொடப் போனாள். அவர் நகர்ந்துகொண்டார்.

"எனக்கெதுக்கு சாமி இதெல்லாம். மொதல்ல அந்த அம்மிணிக்குப் போன் பண்ணிச் சொல்லு. சீல் உழுந்துச்சா இல்லியான்னு அங்க தவிச்சுக்கிட்டு இருக்கும்."

கோகிலவாணி எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். முதல் மணி முழுதாக அடித்து முடியவில்லை.

"சொல்லு கோகிலா," என்றார் சௌந்திரம். "குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சுங்க மேடம்."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. "பழனியம்மா பக்கத்துல இருக்காங்களா? போனக் குடு."