ஆணியில் தொங்கிய கயிறுகள்

குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு நடந்துகொண்டிருந்தேன். பஸ் இரண்டு முறை பக்கத்தில் வந்து மெதுவாகிப் போனது, ஏறவில்லை. நின்றால் திரும்பிப் போய்விடுவேனோ என்று பயம். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருந்தது.

அருவிப் பக்கம், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் கொட்டகையில் மூன்று சீசன் வேலை பார்த்தேன். அங்கே சுவரில் ஓர் ஆணி. குடிக்கமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்து கட்டிக்கொண்ட மஞ்சள் கயிறுகள் அதில் தொங்கும். குடிக்கத் தோன்றினால் கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டுவோம். குடித்து, அருவியில் நின்றுவிட்டு, திரும்பக் கட்டிக்கொள்வோம். கயிறு கையில் இல்லாதபோது குடித்தது சத்தியத்தில் சேராது என்பது எங்கள் சட்டம். அருவி போதையை இறக்கும் என்பார்கள். இறக்காது. குளிரில் வெடவெடக்கிற குடிகாரனாக்கும், அவ்வளவுதான்.

இந்த சீசனில் நிஜமாகவே விடுவதென்று, ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் வலிப்பு வந்து கொட்டகை வாசலில் விழுந்தேன். பொய்ச் சத்தியத்துக்குச் சாமி அடித்ததென்று தலையில் தண்ணீர் ஊற்றினார்களாம். யாரோ ஓர் ஆட்டோக்காரர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஊசி போட இடைஞ்சலாக இருக்கிறதென்று நர்ஸ் என் கயிற்றை வெட்டிப் போட்டார். டாக்டரம்மா சாமி பேச்சே எடுக்கவில்லை. வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும், இது நோய் என்றார். எட்டாவதோடு நின்றவனுக்கும் அது விளங்கியது. அதுவரை என்னைக் கேடுகெட்டவன் என்றுதான் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து மாத்திரைகளோடு கொட்டகைக்குத் திரும்பினேன். கையில் நடுக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அன்று மத்தியானம் குப்புறப் படுத்திருந்த ஒரு வெளியூர்க்காரர், “எண்ணெய் தேய்க்கிறியா, முதுகுல மிருதங்கம் வாசிக்கிறியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொட்டகையை நடத்துகிற அண்ணாச்சி, அந்த ஆள் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து ஒரு தம்ளரில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

“குடிலே. கை நிக்கும்.”

வேண்டாம் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

“ஒங்கையிலதான் கயிறே இல்லையே. பொறவு என்ன?”

“கயிறு இல்ல அண்ணாச்சி. ஆனாலும் குடிக்க மாட்டேன்.”

அவருக்கு அது புரியவில்லை. கயிறு கட்டியவன் குடிப்பதை அவர் பார்த்திருக்கிறார். கட்டாதவன் மறுப்பதைப் பார்த்ததில்லை. நடுங்குகிற கைக்கு இங்கே வேலை இல்லை என்றார். சரி என்று அப்படியே தென்காசிப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். அந்தத் தம்ளரின் வாசனையில் என் வாயில் எச்சில் ஊறியது உண்மை. ஊறட்டும். அது நோயின் வேலை. நடப்பது என் வேலை.

மறுநாள் காலை தென்காசியில் ஒரு புரோட்டா கடையில் ஏறி வேலை கேட்டேன். முதலாளி என் கையைத்தான் முதலில் பார்த்தார். குடியை விட்டிருக்கிறேன், நடுங்கும், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன்.

“மாவுக்கு அதெல்லாம் தெரியாது. நீரு பெசையும்,” என்றார்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மாவில் கை வைத்தேன்.