'படித்துறை' வரைந்த மலர்விழி

மலர் போய்விட்டாள்.

காலையில் அவள் வீட்டுக்காரர் ரவி அண்ணன் போன் செய்தார். "சுதா... மலர் போயிட்டாம்மா." 

இங்கே பலருக்கு மலர்விழியைத் தெரியாது. ஆனால் அவள் எழுத்து உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில், முறுக்கு பாக்கெட்டில், பிள்ளைகளின் ஸ்கூல் நோட்டீஸில். 'படித்துறை' என்கிற தமிழ் ஃபான்ட்டை வரைந்தவள் அவள்தான்.

புத்தூரில் ஒரு டிடிபி சென்டரில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து சீட். சாப்பாட்டு நேரத்தில் நான் சாப்பிடுவேன், அவள் எழுத்து வரைவாள்.

அந்த 'ழ'வுக்காக என்னை என்ன பாடு படுத்தினாள்! பிரிண்ட் எடுத்து சுவரில் ஒட்டிவிட்டு, "ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு படிடி" என்பாள். வெயிலில் நின்று கத்திக் கத்திப் படிப்பேன். போகிறவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஒருமுறை ஸ்ரீரங்கத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இந்த மகராசி அதன் முன்னால் நின்று, இறந்தவர் பெயரில் இருந்த 'ழ'வை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது சாவு வீட்டுச் சுவர். உள்ளேயிருந்து ஒரு அம்மா ஓடிவந்து, "வெளியவே நிக்கிறியேம்மா, உள்ள வா" என்று அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே நானும்... யாரென்றே தெரியாத ஒரு பெரியவரின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தோம்.

கிளம்பலாம் என்று அவள் தொடையைக் கிள்ளினேன். திரும்பிப் பார்த்தால், நிஜமாகவே அழுதுகொண்டிருக்கிறாள்.

வெளியே வந்ததும் நன்றாகத் திட்டினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கடைசியா ஒரு தரம் பேரைப் போடுறாங்கடி. அது அழகா இருக்க வேணாமா?"

அவ்வளவு பாடுபட்டு முடித்த ஃபான்ட்டை என்ன செய்தாள் தெரியுமா? ஓப்பன் லைசென்ஸில் நெட்டில் போட்டுவிட்டாள். யாரும் எடுக்கலாம், எதற்கும் வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம். மாற்றினால் அதையும் இதே மாதிரி எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு வந்ததே கோபம். லூசா நீ, ஊரெல்லாம் எடுத்துக்கொண்டு போவான், உன் பேரைக்கூட எவனும் சொல்ல மாட்டான் என்று கத்தினேன்.

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையை என் கையில் வைத்து, "படித்துறைக்கு யாருடி டிக்கெட் போடுவா?" என்றாள்.

நான் சொன்னபடிதான் நடந்தது. ஊரெல்லாம் அவள் எழுத்து, எங்கேயும் அவள் பெயர் இல்லை. ஒவ்வொரு கடை போர்டாகப் பார்த்து எனக்கு வயிறு எரியும். அவளோ, பிள்ளையை முதல் நாள் யூனிஃபார்மில் பார்த்த மாதிரி நின்று போட்டோ எடுப்பாள்.

அவள் முடித்தது சாதாரண எழுத்து மட்டும். தலைப்புக்குப் போடும் தடித்த போல்டை ஒவ்வொரு எழுத்தாக மறுபடி வரைய வேண்டும். அதை ஆரம்பித்த நேரம்தான் இந்தப் பாழாய்ப்போன வியாதி வந்தது.

மருந்து ஏற ஏற விரல்கள் மரத்துப்போயின. மவுஸ் பிடிக்க வரவில்லை. பொன்மலையில் அவர்கள் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எப்போது போனாலும் ஒரே புலம்பல், போல்டை மட்டும் முடித்துவிட்டால் போதும் என்று. நான் வரைந்து பார்த்தேன். என் 'க' பலாப்பழம் மாதிரி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்... அப்படி அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அப்புறம் ஒருநாள் ஒரு மெயில் வந்தது. மலேசியாவில் யாரோ ஒரு டீச்சர். முன்பின் தெரியாதவர். பள்ளிக்கூட போர்டுக்குத் தடித்த எழுத்து தேவைப்பட்டதால் தானே போல்டு முழுவதையும் வரைந்துவிட்டதாகவும், லைசென்ஸ்படி அதையும் எல்லோருக்குமாக நெட்டில் போட்டிருப்பதாகவும், அக்கா ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

மலர் அந்த மெயிலை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அப்புறம் லேப்டாப்பை மடியில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். எல்லாம் சரி. 'ழ' மட்டும் பிடிக்கவில்லை.

மவுஸ் என் கையில். என் கைமேல் அவள் கை.

"கொஞ்சம் உள்ள இழு... இன்னும் கொஞ்சம்... ம், விடு."

அந்த ஒரு வளைவுக்கே களைத்துப்போய்ப் படுத்துவிட்டாள். திருத்திய 'ழ'வை அன்றைக்கே டீச்சருக்கு அனுப்பினேன், அவர் அதையே நெட்டில் ஏற்றினார்.

இன்று மதியம், ரவி அண்ணனோடு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் அஞ்சலி போஸ்டர் போட்டுத் தரச் சொல்லி என்னிடம்தான் கேட்டார்கள். ஆயிரம் பேருக்குப் போட்ட கை இது. உட்கார்ந்தால் ஓடவில்லை. வெளியே ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன்.

அங்கே கம்ப்யூட்டரில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். சொன்னேன். டைப் அடித்தாள். அவளாகவே லிஸ்டில் இறங்கி 'படித்துறை போல்டு' எடுத்தாள்.

இது எதுக்கு என்று கேட்டேன். "இதுதான் தூரத்துலேர்ந்து நல்லா தெரியும்க்கா. எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. வேற மாத்தட்டுமா?"

"வேணாம்மா. இதுவே இருக்கட்டும்."

குவார்ட்டர்ஸ் வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். என்னால் உள்ளே போக முடியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று படித்தேன்.

மலர்விழி.

நல்லா தெரியுதுடி. 'ழி' அழகா வந்திருக்கு.

போயிட்டு வா, மலர்.