மலைக்குள் போன தம்பி

நான் அஞ்சாவதோடு நின்றவள். துறையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அதுக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. பெரியவர்களுக்கு எழுதின கதை எதை எடுத்தாலும் ரெண்டு பக்கத்தில் எனக்கு மூச்சு வாங்கும். பிள்ளைகளுக்கு எழுதின மாயக்கதைக்குள் நான் போய் விழுந்தது அதனால்தான்.

பதிமூன்று வருஷம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு கடையில் புத்தகம் வாங்கினேன். கலர் பேப்பர் சுற்றும் முன்னால் ஒரு பக்கம் பார்ப்போமே என்று பிரித்தேன். ஒரு மலை. அதற்குள்ளே ஒரு ஊர். அக்காவோடு சண்டை போட்டுவிட்டு ஓடின தம்பியை அந்த மலை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பதினாலு வயசு அக்கா அவனைத் தேடி உள்ளே இறங்குகிறாள். சாயங்காலம் பிறந்தநாளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவோடு போனேன். புத்தகம் பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருந்தது.

அந்த எழுத்தாளருக்கு வாக்கியமெல்லாம் சின்னது. துக்கம் என்கிற வார்த்தையே வராது. அக்கா அழுதாள் என்று எங்கேயும் எழுதவே மாட்டார்; செருப்பு வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள் என்று இருக்கும். படிக்கிற நான்தான் முந்தானையைத் தேடுவேன்.

ரெண்டாம் புத்தகம் வர மூன்று வருஷம் ஆனது. மூன்றாவதுக்கு நாலு வருஷம். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி அதே கடைக்குத்தான் போவேன். "யாருக்கும்மா?" என்று ரெண்டாவது வாங்கும்போதே கடைக்காரர் கேட்டார். எனக்குத்தான் என்று சொல்லக் கூச்சம். "பேத்திக்குங்க" என்று சொல்லிவிட்டேன். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குப் பிள்ளை இல்லை. கடைக்காரர் நல்ல மனுஷர். ஒவ்வொரு புத்தகம் வந்ததும் என் பேத்திக்கென்று ஒன்றை உள்ளே எடுத்து வைப்பார். "பாப்பா என்ன படிக்குது?" என்பார். நானும் மனசுக்குள் வருஷத்தைக் கூட்டி ஒரு வகுப்பைச் சொல்வேன்.

மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அக்கா தம்பியைக் கண்டுபிடித்துவிட்டாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அங்கே நிறுத்திவிட்டார் அந்த மனுஷர். அடுத்ததில் கதை முடியும் என்று பின் அட்டையில் போட்டிருந்தது.

அதற்கு அஞ்சு வருஷம் ஆனது. அதற்குள் என் கண் போக ஆரம்பித்தது. ஒரு வார்த்தையில் முதல் எழுத்து தெரியும், கடைசி எழுத்து தெரியும், நடுவில் அழுக்குத் துணி போட்ட மாதிரி இருக்கும். ஊசி போட்டுப் பார்த்தார்கள். "போன பார்வை வராதும்மா. இருக்கிறது எவ்வளவு நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஓரம் தெரியும், நடமாடலாம், படிப்பதுதான் கஷ்டம் என்றார். எனக்கு நடமாட்டமா முக்கியம்? அந்தப் பையன் அக்காவைத் தெரிந்துகொண்டானா இல்லையா, அதைப் படித்துவிட்டால் போதும் என்று இருந்தது.

போன வருஷம் ஒரு காலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "ஏண்டி, உன் மலைக்கதை வந்திருக்காம்" என்றார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே போனேன்.

"நேத்தோட தீந்துடுச்சும்மா" என்றார் கடைக்காரர். "உங்க பேத்திக்குக் கல்யாண வயசு வந்திருக்குமே, இனிமே எங்க இதெல்லாம் படிக்கப் போகுதுன்னு எடுத்து வைக்கலை."

"எந்தப் பேத்தி?" என்றார் என் வீட்டுக்காரர்.

பின்னால் யூனிபார்மில் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. "பேத்தியே இல்லைங்க. நான்தான் படிக்கிறேன். எப்படியாவது ஒண்ணு வாங்கிக் கொடுத்துடுங்க, எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு" என்றேன். ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். கடைக்காரர் சிரிக்கவில்லை. பத்து நாளில் வரவழைப்பதாகச் சொன்னார்.

அந்தப் பத்து நாளும் காலண்டர் தேதியை வைத்துக் கண்ணைச் சோதித்தேன். ஏழாம் நாள் தேதி கரைந்துபோனது. புத்தகம் வந்ததும் பூதக்கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எட்டுப் பக்கம். அதுக்கு மேல் முடியவில்லை.

வீட்டுக்காரர்தான் படித்துக் காட்டினார். "இந்த வயசுல எனக்குப் பேய் மலை கேக்குதாக்கும்" என்று ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஆரம்பித்தார். நாலாம் நாள் காபி குடித்த கையோடு, "எங்கடி அந்த மலை, எடு" என்றார்.

கடைசி அத்தியாயத்தில் திடீரென்று குரல் நின்றது. பக்கம் புரளுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் வேகமாகப் படித்தார்: "தம்பி அக்காவைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டு அழுதான். இருவரும் ஊர் திரும்பி சந்தோஷமாக இருந்தார்கள். அவ்வளவுதான், முடிஞ்சுது."

"ஏங்க, இது அவர் எழுதினது இல்லை."

"நீ கண்டியாக்கும்?"

"அவர் கண்ணீர்னு எழுத மாட்டார். என்ன போட்டிருக்கு? சொல்லுங்க."

பக்கம் மறுபடி புரண்டது. "பையன் கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். இன்னும் அக்காவை அடையாளம் தெரியலை. கதை நீண்டுடுச்சு, அஞ்சாவதுல முடிக்கிறேன்னு போட்டிருக்காருடி."

"எப்பவாம்?"

"அது போடலை."

அன்றைக்கு நான் சோறு வடிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அடுத்த புத்தகம் வரும்போது என் வீட்டுக்காரர் இருப்பாரோ, நான் இருப்பேனோ. எண்பதைத் தொட்டவர், படிக்கும்போதே இருமுகிறார்.

முன்பின் தெரியாதவருக்கு நான் கடிதம் எழுதினதே இல்லை. எழுதினேன். பதிப்பகத்து விலாசத்துக்குப் போட்டேன். முடிவை எனக்கு மட்டும் ரெண்டு வரியில் எழுதுங்கள் ஐயா, யாரிடமும் சொல்ல மாட்டேன், உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், என் வீட்டுக்காரர் மாற்றிப் படித்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று எழுதினேன். "அவருக்கே இன்னும் தெரியாதோ என்னவோ" என்கிறார் இவர். அதைக் கேட்டால்தான் எனக்குப் பயம்.

மூன்று மாசமாகப் பதில் இல்லை. இதை ஸ்கேல் வைத்து, தடிப்பேனாவில் எழுதுகிறேன். எழுதினதை என்னால் படிக்க முடியவில்லை. படிக்கிறவர்களில் அந்த எழுத்தாளரைத் தெரிந்தவர்கள் இருந்தால் தயவு செய்து கேளுங்கள். முழுக் கதையும் வேண்டாம். அந்தப் பையன் கதவைத் திறந்து அக்கா என்று கூப்பிட்டானா, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.